மாத்திரை இல்லாத வாரம்

பணி அனுபவங்களை ஓய்வு பெற்ற பிறகு எழுதுவதுதான் முறை. தலை நரைத்திருக்க வேண்டும். "எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் ஏது வசதி" என்று ஒரு வரியாவது வர வேண்டும். எனக்கு இரண்டும் இல்லை. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, வடலூர் போகிற சாலையில் இருக்கும் ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சில வருடம் டியூட்டி டாக்டராக இருந்துவிட்டு மேற்படிப்புக்குக் கிளம்புகிறேன், அவ்வளவுதான். "அடுத்து வர்றவங்களுக்கு ஏதாவது எழுதி வெச்சிட்டுப் போம்மா" என்றார் பெரிய டாக்டர். மருந்து அலமாரிச் சாவி எங்கே தொங்குகிறது, ஜெனரேட்டர் நின்றால் யாரைக் கூப்பிடுவது, இதையெல்லாம் எழுதச் சொன்னார் என்று இப்போது புரிகிறது. அதற்குள் நான் வேறு எதையோ எழுத ஆரம்பித்துவிட்டேன்.

எந்தக் குழந்தைக்கு எடைக்கு எவ்வளவு மருந்து என்பது புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நீங்கள் நன்றாகப் படித்திருப்பீர்கள். புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறேன். அதாவது, நோய் புத்தகத்தில் இருந்தது. குழந்தையின் அப்பாவுடைய ஷிப்ட்தான் இல்லை.

எங்கள் காத்திருப்பு அறை உங்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும். சந்தை மாதிரி இருக்கும். அதில் சத்தம் போடாத குழந்தை இருந்தால், ஒன்று தூங்குகிறது, இல்லை நாம் பார்க்க வேண்டிய குழந்தை. அன்றைக்கு மூலையில் ஒரு துணி மூட்டை அசையாமல் இருந்தது. பிறந்து மூன்று வாரம் போல ஆகியிருந்த ஆண் குழந்தை. அம்மாவுக்குக் கனகா என்றும் அப்பாவுக்கு ஏழுமலை என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர்கள் வேறு. கனகாவுக்கு ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். ஏழுமலை சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள், நிலக்கரி ஓடும் பெல்ட் ஓரத்தில் வேலை. டவுன்ஷிப்புக்கு வெளியே ஒற்றை அறை வீடு.

"மஞ்ச எறங்கவே மாட்டுதுங்க" என்றாள் கனகா. "மத்தபடி ஒரு தொந்தரவும் கெடையாது. அழுவவே மாட்டான். பால் குடுக்கறதுக்கு நாமதான் எழுப்பணும். இப்டி ஒரு புள்ளைய எப்டிடி பெத்தன்னு தெருவே கேக்குது."

ஏழுமலைக்கும் பெருமை தாங்கவில்லை. "நைட்டு முடிச்சிட்டு வந்து படுத்தன்னா சாயங்காலம் வரிக்கும் ஒரு சத்தம் இருக்காதுங்க. அப்பன் கஷ்டம் தெரிஞ்சி பொறந்துகிறான்."

நான் மூட்டையைப் பிரித்தேன். நாக்கு வாய்க்குக் கொஞ்சம் பெரியதாக இருந்தது. தோல் வறண்டிருந்தது. தொப்புள் பிதுங்கியிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினால் ஒரு கரகரத்த முனகல், அவ்வளவுதான். மலம் போய் நாளாகிறது என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். நோயாளியின் முன்னால் துள்ளக் கூடாது என்று தெரியும். ஆனால் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு பக்கம் துணி சுற்றிக்கொண்டு வந்து மேசையில் படுத்தால் யாருக்குத்தான் துள்ளாது. உங்களுக்கும் துள்ளும். முகத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுத்தோம். முடிவு வந்தபோது பெரிய டாக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். தைராய்டு சுரப்பி ஏறக்குறைய வேலையே செய்யவில்லை.

"தைராய்டா?" என்றாள் கனகா. "அது எங்க அக்காவுக்குத்தாங்க இருக்குது. அவ குண்டு. இவன் பாருங்க, எலி மாதிரி கெடக்கறான்."

குழந்தையின் மூளை வளர்வதற்கு அந்தச் சுரப்பி தரும் சத்து வேண்டும், முதல் இரண்டு மூன்று வருடம் அது இல்லாமல் போனால் பிறகு எவ்வளவு கொடுத்தாலும் போனது போனதுதான் என்று சொன்னேன். ஏழுமலை ரத்த முடிவுத் தாளில் டி.எஸ்.எச். என்ற எழுத்துகளையும் பக்கத்தில் இருந்த எண்ணையுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த நம்பர் ஏன் இம்மாம் பெருசா இருக்குது?"

"அது மூளை போடுற சத்தம். சுரப்பி வேலை செய்யலைன்னா மூளை 'செய், செய்'னு கத்தும். எவ்வளவு கம்மியா வேலை நடக்குதோ அவ்வளவு பெரிய சத்தம்."

"சூப்பர்வைசர்" என்றார்.

"ஆமாம். மாத்திரை குடுத்தா வேலை நடந்துடும். சத்தம் அடங்கிடும்."

"இது பெர்மனென்டா, கான்ட்ராக்டாங்க?"

சில குழந்தைகளுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டியிருக்கும், சிலருக்குச் சுரப்பி தானாகவே வேலைக்கு வந்துவிடும், மூன்று வயதில் நிறுத்திப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

"அதுவரிக்கும் தெரியாதா? சரி, எங்க கேசு மாதிரிதான்" என்று சிரித்தார். அவரைப் போல விஷயத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்ட அப்பாவை அந்த நாற்காலியில் நான் அதிகம் பார்த்ததில்லை. அதனாலேயே நிம்மதியாக இருந்துவிட்டேன்.

அன்றே மாத்திரை தொடங்கியது. பொடித்து, ஒரு சிட்டிகை தாய்ப்பாலில் கரைத்து, கரண்டியில். படம் போட்டுக் காட்டினேன். இரும்புச்சத்துச் சொட்டு மருந்தோடு சேர்க்காதே, பாட்டிலில் கலக்காதே, அடுப்புப் பக்கத்தில் வைக்காதே. நான் பேசி முடிக்கும்போது கனகா கொட்டாவி விட்டாள். அதை நான் இளந்தாயின் களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் பரிசோதனையில் எண் நன்றாக இறங்கியிருந்தது. பெரிய டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் தலையசைப்பது அபூர்வம். கழுத்துவலி இருக்கிறது.

அதற்கப்புறம்தான் குழந்தை விழித்துக்கொண்டது.

புத்தகம் இதைக் 'குழந்தை சுறுசுறுப்படையும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. ஒற்றை அறை வீட்டில் அந்த வரி என்ன செய்யும் என்று புத்தகம் எழுதியவர் போய்ப் பார்த்திருக்க மாட்டார். மூன்று வாரம் தூங்கிய குழந்தை வட்டியோடு அழ ஆரம்பித்தது. பசித்தால் அழுதது, நனைந்தால் அழுதது, ஒன்றுமே இல்லாவிட்டால் அதற்காகவும் அழுதது. கரகரப்புப் போய்க் குரல் கணீரென்று ஆகியிருந்தது.

"முன்ன மாதிரி இல்லீங்க" என்றாள் கனகா அடுத்த தடவை. "என்னமோ ஆயிட்ச்சி. தெருவுல எல்லாம், நல்லா இருந்த புள்ளைய ஆஸ்பத்திரிக்கித் தூக்கிகினு போயி கெடுத்துட்டியேடின்றாங்க."

"இதுதாம்மா நல்லது" என்றேன் பூரிப்போடு. "இதுக்குத்தானே மருந்து குடுக்கிறோம்."

"நல்லதுங்களா?" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள். நான் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டுவிட்டேன்.

அந்தத் தடவை எண் ஏறியிருந்தது. குழந்தை எடை கூடியிருக்கிறான், மருந்து போதவில்லை என்று கொஞ்சம் ஏற்றினேன். அதற்கடுத்த தடவை இன்னும் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கேள்வி ஒன்றையே கேட்டேன்.

"தவறாம குடுக்கிறீங்களா?"

"குடுக்கறோங்க."

இரண்டு பேரும் கண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். பொய் சொல்கிறவர்களின் முகம் எனக்கு ஓரளவு தெரியும். நடக்க ஆரம்பிக்காத குழந்தைக்கு "நல்லா ஓடறான் டாக்டர்" என்று சொல்லும் அப்பாக்களைத் தினமும் பார்க்கிறேன். இவர்கள் முகம் அப்படி இல்லை. எனவே குற்றத்தை வேறு இடத்தில் தேடினேன். குடல் மருந்தை உறிஞ்சவில்லையோ, மாத்திரை வெயிலில் கெட்டதோ, கம்பெனியை மாற்றினால் என்ன. கம்பெனியை மாற்றினேன். இந்த மாதிரி நேரத்தில் படித்த மூளை ரொம்ப வேலை செய்யும். செய்யட்டும், தடுக்காதீர்கள். அது சொல்வதையெல்லாம் நம்பாதீர்கள், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் நான் கவனிக்கவில்லை. அவர்கள் எப்போதும் ஒரே மாதிரி நாளில்தான் வந்தார்கள். ஏழுமலைக்குக் காலை ஷிப்ட் ஒரு வாரம், மதிய ஷிப்ட் ஒரு வாரம், நைட் ஒரு வாரம் என்று சுற்றிச் சுற்றி வரும். நைட் வாரம் முடிந்ததும் ஒரு ஆஃப். அந்த ஆஃபில் பைக்கை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள். இந்த ஊரில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள்கூட ஷிப்டைக் கேட்டுக்கொண்டுதான் பஞ்சாங்கத்தைத் திறப்பார்கள். ஆஸ்பத்திரி எந்த மூலைக்கு.

ஒரு நாள் கணக்கு மாறியது. குழந்தைக்குச் சளி, லேசான காய்ச்சல். கனகா தனியாக, பஸ்ஸில், மதிய ஷிப்ட் வாரத்தின் கடைசியில் வந்தாள். குழந்தை அவள் தோளில் நிற்கவில்லை. வியர்த்திருந்தது. கையும் காலும் ஓயாமல் உதைத்தன. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் துடிப்பு ஓட்டமாக ஓடியது. லேசான காய்ச்சலுக்கு இவ்வளவு ஓட்டம் கூடாது. வந்த வேலை சளிதான், ஆனாலும் சும்மா இருக்க மாட்டாமல் தைராய்டுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினேன்.

அன்று மதியமே வந்த முடிவு தலைகீழாக இருந்தது. மருந்து அளவுக்கு மேல். மூளையின் சத்தம் அறவே இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால், மருந்து போதவே போதாது என்று சொன்ன அதே உடம்பு.

பெரிய டாக்டரிடம் ஓடினேன். அவர் அறை வாசலில் கூட்டம் நின்றது.

"லேப்ல மாத்தி வெச்சிருப்பான்" என்றார் தாளைத் திருப்பித் தந்தபடி.

"ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டாங்க சார். இதே பேர், இதே ரத்தம்."

"அப்போ டோஸைக் குறை."

"குறைச்சா, போன தடவை வந்த நம்பர் இன்னும் ஏறுமே சார்."

"அப்போ குறைக்காதே."

"குறைக்கலைன்னா நெஞ்சு இந்த ஓட்டம் ஓடுது."

"ஏம்மா, நீ எங்கிட்ட கேள்வி கேக்க வந்தியா, பதில் சொல்ல வந்தியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த குழந்தையின் வாயைத் திறக்கச் சொன்னார்.

அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டு எண்களும் உண்மை என்றால் ஏதோ ஒரு பக்கம் குழந்தைக்குக் கெடுதல் செய்துகொண்டிருக்கிறோம். ஏற்றினால் இதயம், குறைத்தால் மூளை. வெளியே கனகா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீட்டில் நான் ஏதாவது ஓர் எண்ணை எழுதியாக வேண்டும். இந்த மாதிரி நிமிஷத்தில் கை பழக்கதோஷத்தில் எழுதிவிடும். என் கை எழுதாமல் நின்றதற்கு ஞானம் ஒன்றும் காரணமில்லை. பேனா மூடியைப் பெரிய டாக்டர் அறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன், அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த இடைவெளியில் கனகா ஆறுதலாகச் சொன்னாள், எனக்கு ஆறுதல்:

"நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க டாக்டரம்மா. இப்பதான் இந்த ஆட்டம். அடுத்த வாரம் அடங்கிடுவான்."

"அடுத்த வாரம் எப்படி அடங்குவான்?"

"அடுத்த வாரம் அவுருக்கு நைட்டுங்க."

"அவருக்கு நைட்னா இவன் ஏன் அடங்கணும்?"

அவள் என்னைப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை. "நைட்டு வாரம் மாத்திர இல்லீங்களே."

பேனா மூடியைத் தேடுவதை நிறுத்தினேன்.

"குடுக்கறேன்னு சொன்னியேம்மா."

"குடுத்துகினுதான் இருக்கறன். நீங்க குடுக்கறியான்னு கேட்டீங்க, குடுக்கறன்னன். எல்லா வாரமும் குடுக்கறியான்னு எப்ப கேட்டீங்க?"

நீதிமன்றமாக இருந்தால் அங்கேயே வழக்குத் தள்ளுபடி.

பிறகு உட்காரவைத்து முழுக்கக் கேட்டேன். ஏழுமலை காலையில் நைட் முடித்து வந்து பகலில் தூங்க வேண்டும். மாத்திரை சாப்பிட்ட குழந்தை தூங்கவிடாது. மாத்திரையை நிறுத்தினால் இரண்டு நாளில் லேசாக மந்தமாகி, வாரக் கடைசியில் பழைய தங்கமான பிள்ளையாகிவிடுகிறது. ஆஃப் அன்று, அந்தத் தங்கமான நிலையில் எங்களிடம் வந்து ரத்தம் கொடுக்கும். எண் ஏறியிருக்கும். நான் மருந்தை ஏற்றுவேன். ஏற்றிய மருந்து அடுத்த இரண்டு வாரம் குழந்தையைப் பம்பரமாகச் சுற்றவைக்கும். அதைப் பார்த்து, அடுத்த நைட் வாரம் நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவர்களுக்கு உறுதிப்படும். நாங்கள் மூன்று பேரும் அவரவர் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்துகொண்டிருந்தோம். குழந்தை நடுவில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஏழுமலையை வரச் சொன்னேன். ஷிப்டுக்குப் போகும் வழியில், யூனிஃபார்மோடு வந்தார். பெரிய டாக்டர் அதற்குள் எனக்கு யோசனை சொல்லியிருந்தார்: "நல்லாத் திட்டு. திட்டிட்டு எழுதி வாங்கிக்க. நாளைக்கு நம்மளக் கேக்கக் கூடாது." நான் திட்டத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். மூளை வளர்ச்சிப் படம் ஒன்றைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

"தெரியுங்க" என்றார் படத்தைப் பார்க்காமலே. "நீங்க அன்னிக்கே சொன்னீங்க. சூப்பர்வைசர் கணக்கு."

"தெரிஞ்சுமா நிறுத்தினீங்க?"

"ஒரு வாரந்தாங்களே. ரெண்டு வாரம் வேலை, ஒரு வாரம் ரெஸ்ட்டு. புள்ளைக்கும் சுரப்பிக்கும் ரெஸ்ட்டு வேணாமான்னு நெனச்சன்." படத்தை என் பக்கம் தள்ளினார். "அது சும்மா சொல்றதுங்க. நெஜத்தச் சொல்றன். தூங்காம போயி பெல்ட்டாண்ட நின்னன். நின்னுகினே கண்ணு சொருகிட்ச்சி. கையில இருந்த தூக்குச்சட்டி பெல்ட்டுல விழுந்து கரியோட கரியா பூட்ச்சி. கண்ண முழிச்சிப் பாத்தா சட்டி அந்தாண்ட கோடியில போவுது. சட்டி போன எடத்துல என் கை இருந்திருந்தா? மேஸ்திரி பாத்துட்டாரு. இன்னொரு வாட்டி கண்ண மூடினா வேற ஆளப் போட்டுக்கறன்னாரு."

கனகா பக்கத்தில் பிள்ளையை ஆட்டிக்கொண்டிருந்தாள். இந்தக் கதை அவளுக்கு முன்பே தெரியும் என்று முகத்தில் தெரிந்தது.

"புள்ளைக்கு மூள வேணும், எனக்குக் கை வேணும்" என்றார் ஏழுமலை. "ரெண்டும் ஒரே ரூம்ல கெடக்குதுங்க. நான் என்னா பண்ணட்டும்?"

புத்தகத்தில் தேடினால் இதற்குப் பதில் கிடைக்காது. குவார்ட்டர்ஸில் இருக்கும் பெர்மனென்ட் வீட்டுக் குழந்தைக்கு இதே நோய் வந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது. அங்கே ஒரு கதவு இருக்கிறது, சாத்திக்கொள்ளலாம். இங்கே கதவைச் சாத்தினால் தெருதான் வெளியே போகும். திட்டுவதற்காக நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் கதவு உள்ள வீட்டுக்கானவை.

அதற்காக உடனே தெளிந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். முதலில் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"வெச்சிப் பாத்தங்க. பஞ்சுக்கே கேக்குது."

ஃபேனை வேகமாக வைத்தால் சத்தம் அமுங்கும் என்றேன்.

"ஃபேன விட அவன் ஃபாஸ்ட்டுங்க" என்றாள் கனகா.

"உங்க கூட வேலை பார்க்கிற மத்தவங்கல்லாம் நைட் முடிச்சி எங்க தூங்குறாங்க?" என்று கேட்டேன். வேறு யோசனை இல்லாமல் கேட்டதுதான்.

"அவங்கவங்க வூட்லதான். திருநெல்வேலிப் பசங்க மூணு பேரு எங்க தெருக் கோடியில ரூம் எடுத்துகினு இருக்கானுங்க. அவுனுங்களுக்கு ஷிப்ட்டு கெடையாது, தெனமும் காலையில போயி சாயங்காலம் வருவானுங்க. ரூமு பகல்ல பூட்டித்தான் கெடக்கும்."

"சாவி கேட்டா குடுப்பாங்களா?"

"குடுப்பானுங்க. நல்ல பசங்க." சொல்லிவிட்டு அவரே கனகாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாக்குதே" என்றாள் அவள். "கட்டன பொண்டாட்டி வூட்ல இருக்கசொல்ல, விடிஞ்சதும் பாயச் சுருட்டிகினு பசங்க ரூமுக்குப் போனா தெருவுல என்னா பேசுவாங்க? புருசன் பொண்டாட்டிக்கு ஒத்துப்போவலன்னு பேசுவாங்க. குறிஞ்சிப்பாடிக்குச் சேதி போயி எங்கப்பா அடுத்த பஸ்ல வந்து நிப்பாரு."

"வந்துட்டா அவரு ஒரு வாரம் தங்குவாருங்க" என்றார் ஏழுமலை. "அதுக்கு இவன் அழுவறதே தேவல."

தெருவின் பேச்சு ஒரு குழந்தையின் மூளையைவிடப் பெரிதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தெரு அவளைத் 'தங்கமான பிள்ளையைப் பெற்றவள்' என்று தூக்கி வைத்ததும், 'கெடுத்துவிட்டாயே' என்று கீழே போட்டதும் நினைவுக்கு வந்தது. அந்தத் தெருவில் நாளெல்லாம் இருக்க வேண்டியவள் அவள். நான் இல்லை.

குழந்தை அவள் மடியிலிருந்து என் மேசை மேலிருந்த மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எட்டி இழுத்தது. அவள் அதைப் பிடுங்கி வைத்தாள். வைத்துவிட்டு அதையே பார்த்தாள்.

"டாக்டரு சொன்னாங்கன்னா ஒண்ணும் பேச மாட்டாங்க" என்றாள் மெதுவாக.

"நான் சொல்றேன். தாராளமா என் பேரைச் சொல்லு."

"வாயால சொன்னா நம்ப மாட்டாங்க. இதுல எழுதிக் குடுங்க."

எழுதினேன். நோயாளியின் பெயர் இருக்கும் இடத்தில் ஏழுமலை. கீழே: 'குழந்தையின் தைராய்டு சிகிச்சைக்காக, இரவுப் பணி வாரங்களில் தந்தை பகலில் வேறு இடத்தில் தூங்க வேண்டும். குழந்தைக்கு மாத்திரை எல்லா நாளும், எல்லா வாரமும்.' ஐந்து வருடம் படித்த படிப்பில் இதுவரை நான் எழுதியதில் மிகத் தெளிவான மருந்துச் சீட்டு அதுதான். கையெழுத்துகூடப் புரிந்தது.

ஏழுமலை வாங்கிப் பார்த்தார். "சீல் வெய்ங்க."

கேட் பாஸ் இல்லாமல் ஓர் அடி உள்ளே எடுத்து வைக்க முடியாத இடத்தில் வேலை செய்கிறவர். சீல் இல்லாத தாள் அவருக்கு வெறும் தாள்.

சீல் பெரிய டாக்டர் அறையில் இருந்தது. அவர் சீட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"எந்தப் புஸ்தகத்துலம்மா இருக்கு இது?"

"இல்ல சார்."

"டோஸ் என்ன பண்ணப் போற?"

"ஏத்துனதையெல்லாம் எடுத்துட்டுப் பழைய அளவுக்கே போறேன். தினமும் குடுத்தா அதுவே போதும்."

"குறைக்கச் சொன்னேன்ல நான்?"

சொன்னார்தான். லேப் தப்பு என்றும் சொன்னார், குறைக்காதே என்றும் சொன்னார். எல்லாவற்றையும் சொல்லி வைப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. என் சீலை எடுக்கக் கை நீட்டினேன். அவர் அதை ஒதுக்கிவிட்டுத் தன் சீலை எடுத்து அழுத்தி வைத்தார். "உன் சீல் சின்னதா இருக்கு. தெருவுல செல்லாது" என்றார்.

அதற்கப்புறம் ரத்தம் எடுக்கும் நாளை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒரு தடவை காலை வாரத்தில், ஒரு தடவை நைட் வாரத்தின் நடுவில். கனகா பஸ்ஸில் வந்தாள், முணுமுணுத்தாள், ஆனாலும் வந்தாள். எண் மெல்ல ஓர் இடத்தில் உட்கார்ந்தது. பிறகு எந்த வாரம் எடுத்தாலும் அங்கேயே இருந்தது. சீட்டின் புகழ் பரவி, நைட் ஷிப்ட் கணவர்கள் உள்ள வீடுகளிலிருந்து இரண்டு பேர் வந்து அதே மாதிரி ஒன்று கேட்டார்கள். ஒருத்திக்குக் குழந்தையே இல்லை. குறட்டை தாங்கவில்லையாம்.

விட்டுவிட்டுக் கொடுத்த அந்த மாதங்கள் அவனிடமிருந்து எதையாவது கொண்டுபோனதா? தெரியாது. அவன் கவிழ்ந்தது கொஞ்சம் தாமதம், உட்கார்ந்தது கொஞ்சம் தாமதம். அதன் பிறகு நடந்ததும் பேசியதும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டது. பெரிய டாக்டர் நன்றாகத்தான் இருக்கிறான் என்கிறார். நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஒவ்வொரு தடவை அவன் வரும்போதும் பொம்மையைத் துணிக்கடியில் ஒளித்து வைத்து, தேடுகிறானா என்று பார்ப்பதை மட்டும் நான் நிறுத்தவில்லை. நீங்களும் நிறுத்தாதீர்கள். மூன்று வயதில் மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் வேலை உங்கள் கையில்தான் வரப்போகிறது. பெர்மனென்டா கான்ட்ராக்டா என்று ஏழுமலை கேட்டால், நிறுத்திப் பார்ப்பதற்கு முன்னால் வாய்விட வேண்டாம்.

'தவறாமல் கொடுக்கிறீர்களா' என்ற கேள்வியை நான் இப்போது கேட்பதில்லை. அந்தக் கேள்விக்கு 'ஆமாம்' தவிர வேறு பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது. எந்த வாரம் கொடுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்கிறேன். கஷ்டம் இருக்கத்தான் செய்யும் என்று நாமே ஒத்துக்கொண்டால், அவர்கள் அது எங்கே என்று காட்டிவிடுகிறார்கள். எண் ஏறினால் மருந்தை ஏற்றலாம். அதற்கு முன்னால் அந்த வீட்டில் எத்தனை அறை, யாருக்கு என்ன ஷிப்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அதைக் கேட்பது அநாகரிகம் இல்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னாலேயே கேட்பார்கள்.

போன வாரம் வந்திருந்தார்கள், நான் கிளம்புவதற்கு முன் கடைசி தடவை. பையன் வந்ததும் எடைத் தராசின் மேல் ஏறினான், இறங்கினான், அலமாரியைத் திறந்தான், என் ஸ்டெதஸ்கோப்பின் ஒரு முனையைக் கடித்தான். கனகா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு நிமிசம் நிக்கமாட்டன்றாங்க. காலையில கண்ணு தொறந்தான்னா ராத்திரி வரிக்கும் இதான்." என் பக்கம் குனிந்தாள். "மாத்திரைய இத்துனூண்டு கொறைக்கலாமாங்க?"

நர்ஸ் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"எந்த வாரம்?" என்று கேட்டேன்.

"ஐய, சும்மா கேட்டங்க. எல்லா வாரமுந்தான் குடுக்கறன்."

"சந்தோஷம். ரத்தம் எடுத்துடலாம்."

ஊசி பட்டதும் அவன் கத்தினான். மருந்தறை வரை கேட்டது, சாலையில் போன டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்கவில்லை. காத்திருப்பு அறையில் இருந்த மற்ற பிள்ளைகள் ஒரு கணம் அழுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தேன். நைட் முடித்து நேராக வந்திருந்த ஏழுமலை, பெஞ்சில் சுவரோடு தலையைச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அசையவில்லை.